வாயிலோனும் விசைப்பலகையும்

கருந்திரையின் இடது மூலையில் பயனர் பெயரைக் கேட்டு ஒரு சொல் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு சிறு கோடு மினுங்குகிறது. பெயரைத் தட்டச்சு செய்தால் அடுத்த வரியில் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது திரையில் எதுவும் தோன்றுவதில்லை. ஒரு நட்சத்திரக் குறிகூட விழுவதில்லை. நுழைவு விசையை அழுத்திய பிறகு உள்ளே போக வழி திறக்கலாம். அல்லது 'நுழைவு தவறு' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்து நிற்கலாம். யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களைக் கட்டளை வரியில் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வாயில் பழக்கமானது.

அந்த இரண்டு சொற்கள் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று சொல்வதில்லை. அது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. இப்படியொரு பயனர் இருக்கிறார் என்பதை அயலாருக்குக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. பெயரும் சரி, கடவுச்சொல்லும் சரி. ஆயினும் விரல் எழுதியது ஒன்றாகவும் இயந்திரம் வாங்கிக்கொண்டது வேறொன்றாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது காரணத்தைத் திரை ஒருபோதும் சொல்வதில்லை. ஆகவே வாயிலில் நிற்கும் மனிதர் முதலில் தம் நினைவைத்தான் சந்தேகிக்கிறார். மறந்துவிட்டோமோ, யாரேனும் மாற்றிவிட்டார்களோ என்று குழம்புகிறார். விசைப்பலகைக்கும் இயந்திரத்துக்கும் இடையே பொருள் மாறியிருக்கக்கூடும் என்பது அவருக்குக் கடைசியாகத்தான் தோன்றுகிறது; பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தப் பொருள் மாற்றங்கள் தற்செயலானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1960களில் தாளில் அச்சடித்த இயந்திரங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள், அந்த இயந்திரங்கள் பழைய இரும்புக்கடைக்குப் போன பின்னும் இந்த வாயிலில் படிந்து கிடக்கின்றன. அந்தப் படிவுகளை அடுக்கடுக்காகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாளில் பேசிய இயந்திரம்

யுனிக்ஸில் முனையங்களுக்கு 'டிடிஒய்' என்று பெயர். டெலிடைப்ரைட்டர் என்ற சொல்லின் சுருக்கம் அது. தொலைவிலிருந்து வரும் மின் துடிப்புகளைத் தாளில் எழுத்தாக அடிக்கும் தட்டச்சுப் பொறி என்பது பொருள். கண்ணாடித் திரைகள் மலிவாகக் கிடைக்காத காலத்தில், கணினியோடு மனிதர்கள் உரையாடியது இத்தகைய பொறிகள் வழியாகத்தான். அவற்றுள் பெயர் பெற்றது டெலிடைப் நிறுவனம் 1963இல் வெளியிட்ட மாடல் 33. அது நொடிக்குப் பத்து எழுத்துகளை அடிக்கும். சிறிய எழுத்துகள் அதில் கிடையாது. எல்லாம் பெரிய எழுத்துகளே. அதன் ஒரு வகையில் விசைப்பலகையின் பக்கத்திலேயே காகித நாடாவில் துளையிடும் பகுதியும் இருந்தது.

அதே 1963இல்தான் ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையும் வெளியானது. ஏழு இருமக் குறிகளால் 128 இடங்கள். மாடல் 33இன் விசைப்பலகை இந்த எண் வரிசையை அப்படியே இரும்பில் வடித்தது எனலாம். மாற்று விசையை அழுத்தினால் ஓர் எழுத்தின் எண்ணில் ஒரே ஒரு குறி மட்டும் மாறும். அதனால் 3க்கு மேலே # வந்தது. @ என்ற குறி 'பி' என்னும் எழுத்தின் மேல் வந்தது. கண்ட்ரோல் விசையை அழுத்தினால் இன்னொரு குறி நீங்கும்; எண்ணிலிருந்து 64 கழியும். 'எச்' என்ற எழுத்தின் எண் 72. கண்ட்ரோலோடு சேர்த்து அதை அழுத்தினால் 8 கிடைக்கும். அந்த எட்டுக்குப் 'பின்னகர்வு' என்று பெயர். இந்த எட்டையும், வரிசையின் கடைசி எண்ணான 127ஐயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நுழைவு வாயிலின் தகராறுகளில் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையே நடந்ததுதான்.

அழிக்க முடியாத இடத்தில் அழித்தல்

127 ஏன் அழிக்கும் குறியானது என்பதற்கு விடை காகித நாடாவில் இருக்கிறது. நாடாவில் ஓர் எழுத்து என்பது ஒரு வரிசைத் துளைகள். துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. தவறான எழுத்தைத் துளைத்துவிட்டால் அந்தத் துளைகளை அடைக்க வழியில்லை. ஆனால் மிச்சமிருக்கும் இடங்களையும் துளைத்துவிட முடியும். ஏழு இடங்களும் துளைக்கப்பட்டால் வருவது 1111111, அதாவது 127. எந்த எழுத்தின் மேலும் இதை அடிக்கலாம். அடித்தால் அந்த எழுத்து முற்றாக மறையும். வாசிக்கும் பொறி 127ஐக் கண்டால் அங்கே ஒன்றுமில்லை என்று தாண்டிச் செல்லும். விசையின் மேல் 'தேய்த்தழி' என்று பொருள்படும் ரப்-அவுட் என்ற சொல்லைப் பொறித்தார்கள்.

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தாணியால் கீறிய எழுத்தை ஓலையிலிருந்து நீக்க முடியாது. ஏடெழுதியவர் பிழையின் மேல் கீறி, இது கொள்ளத்தக்கதன்று என்று அடையாளம் இட்டார். எழுதப்பட்டதைக் குறைக்க முடியாத ஊடகத்தில் மேலும் எழுதித்தான் அழிக்க வேண்டியிருக்கிறது.

நாடாவில் இப்படி என்றால், தாளில் அடிக்கும் முனையத்தில் என்ன செய்வது? மாடல் 33இல் அச்சு முனை ஓர் எழுத்து பின்னே நகரவும் இயலாது. அடித்த எழுத்து தாளில் நிற்கும். ஆகவே 'முந்தைய எழுத்தைக் கொள்ளாதே' என்று கணினிக்குச் சொல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒரு குறி வேண்டியிருந்தது. எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில் அதற்கு # என்ற குறியைக் கொண்டார்கள். முழு வரியையும் தள்ளிவிட @ என்ற குறியைக் கொண்டார்கள். 'கபம#ல்' என்று அடித்தால் கணினி மகரத்தை நீக்கிவிட்டுப் படித்துக்கொள்ளும். தாளைப் பார்க்கும் மனிதருக்கும் தாம் என்ன திருத்தினோம் என்பது விளங்கும்.

1969இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அதில் பணியாற்றிய கென் தாம்சன் அதே ஆண்டில் ஒரு பிடிபி-7 கணினியில் யுனிக்ஸைத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி உடன் சேர்ந்தார். மல்டிக்ஸின் பல சுமைகளை அவர்கள் இறக்கிவைத்தார்கள். ஆனால் # என்பதையும் @ என்பதையும் உடன் கொண்டுவந்தார்கள். அவர்கள் முன்னாலும் தாளில் அடிக்கும் பொறிதானே இருந்தது?

1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்கு @ குறியைத் தேர்ந்தபோது இந்தப் பழைய ஏற்பாடு முதன்முதலாக இடறியது. அவர் பயன்படுத்திய கணினியில் @ ஒரு சாதாரணக் குறி. மல்டிக்ஸ் பயனர்களுக்கோ அது எழுதிய வரியை அழிக்கும் குறி. முகவரியின் நடுவில் @ அடித்த கணமே அதற்கு முன் இருந்த பெயர் முழுதும் போய்விடும். ஒருவருக்கு எழுத்தாக இருப்பது இன்னொருவருக்குக் கட்டளையாக இருக்கிறது என்ற இந்தச் சிக்கல், பின்னாளில் நுழைவு வாயிலிலும் அப்படியே திரும்பி வந்தது.

முதல் வரியைக் கேட்டு ஆளை அறிதல்

யுனிக்ஸில் 'கெட்டி' என்றொரு சிறு நிரல் உண்டு. முனையத்தைப் பெறு என்பது அந்தப் பெயரின் பொருள். பயனர் பெயரைக் கேட்டு நிற்பது அதுதான். அது வெறுமே பெயரை வாங்கி உள்ளே அனுப்பும் ஏவலன் அல்ல. பழைய அரண்மனை வாயிலோனைப் போல, வந்தவர் பேசும் முதற்சொல்லைக் கேட்டே அவர் எந்த ஊரார் என்று கணிப்பது அதன் வேலை.

தொலைபேசி வழியாக வருகிறவர் எந்தப் பொறியின் முன் அமர்ந்திருக்கிறார் என்பது கணினிக்குத் தெரியாது. ஒன்றன் வேகம் நொடிக்குப் பத்து எழுத்து, இன்னொன்றுக்கு முப்பது. வேகம் பொருந்தாவிட்டால் கேள்வியே குப்பை எழுத்துகளாகத் தெரியும். அப்போது வந்தவர் பிரேக் விசையை அழுத்துவார். கெட்டி அடுத்த வேகத்துக்கு மாறி மீண்டும் கேட்கும். சில பொறிகள் வரி முடிவில் 'வண்டி திரும்பு' என்ற குறியை அனுப்பும். சில 'புது வரி' என்ற குறியை அனுப்பும். பெயரின் முடிவில் எது வருகிறது என்று பார்த்து, இனிமேல் இவரிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று கெட்டி முடிவு செய்யும்.

எழுத்தின் உருவத்தையும் அது இப்படியே கணித்தது. பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் வந்தால், வந்தவரின் பொறியில் சிறிய எழுத்தே இல்லை போலும் என்று கொள்ளும். அதன்பின் அவர் அடிக்கும் பெரிய எழுத்துகளை எல்லாம் சிறியனவாக மாற்றிக்கொள்ளும். உண்மையாகவே பெரிய எழுத்து வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸின் கையேட்டில் இந்த நடைமுறை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. புள்ளியிடாமல் எழுதிய ஏட்டில் மெய்யா, உயிர்மெய்யா என்பதைப் பதிப்பாசிரியர் இடம் நோக்கித் தெளிந்துகொள்வதைப் போன்றது இது. வேறுபாட்டைக் காட்ட வழியில்லாத எழுத்துமுறைக்கு, வாங்குபவர் தம் பக்கத்திலிருந்து ஒரு விதியைச் சேர்க்கிறார்.

மாடல் 33இன் முன் அமர்ந்தவருக்கு இது பெரும் உபகாரம். அவர் எதையும் அமைக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். பெயரை அடித்தால் போதும். ஆனால் சிறிய எழுத்துகள் உள்ள முனையங்கள் பரவிய பின் அந்த உபகாரமே கண்ணியாயிற்று. பெரிய எழுத்துப் பூட்டு விசை விழுந்திருப்பதைக் கவனியாமல் ஒருவர் பெயரை அடிப்பார். வாயிலோன் அவரைப் பழைய பொறிக்காரர் என்று எண்ணிவிடுவான். பிறகு அவர் பூட்டை விடுவித்துக் கடவுச்சொல்லைச் சரியாகவே அடித்தாலும், அதிலுள்ள பெரிய எழுத்துகள் சிறியனவாகச் சுருங்கி உள்ளே போகும். நுழைவு தவறு. தட்டுத் தடுமாறி உள்ளே நுழைந்துவிட்டாலும் திரை முழுவதும் பெரிய எழுத்துகளில் அலறிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து எளியது. கண்ட்ரோல்-டி அழுத்தி அந்த அமர்வை முடித்துவிட வேண்டும். புதிதாக வரும் கேள்விக்குச் சிறிய எழுத்தில் பெயரை அடிக்க வேண்டும். லினக்ஸில் வழங்கும் 'ஏகெட்டி' என்ற நிரலில் இந்தக் கணிப்பு ஒரு விருப்பத் தேர்வாக இன்னமும் இருக்கிறது. கேட்டுக்கொண்டால் மட்டுமே அது செயல்படும்.

எட்டா, நூற்றிருபத்தேழா?

தாள் போய்த் திரை வந்ததும், அழிப்பது என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைத்தது. எழுத்து கண்முன்னே மறையும். இனி # என்ற குறியை வைத்துத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் அழிக்கும் விசை எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை.

தட்டச்சுப் பொறியில் பின்னகர்வு என்பது அழித்தல் அல்ல. ஓரடி பின்னே போய் நிற்றல் மட்டுமே. அடிக்கோடிடவும், எழுத்தின் மேல் எழுத்து அடிக்கவும் அது பயன்பட்டது. நாடா மரபில் வந்தவர்கள் 127ஐ அழித்தலாகக் கொண்டார்கள். தட்டச்சு மரபில் வந்தவர்கள் 8ஐக் கொண்டார்கள். டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்தில் இரண்டுக்கும் தனித்தனி விசைகள் இருந்தன. 1983இல் வந்த விடி220இல் எழுத்துகளுக்கு வலப்புறம் இருந்த பெரிய அழிப்பு விசை 127ஐ அனுப்பியது. பின்னகர்வு மேல் வரிசையில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலோ, அதே இடத்தில் இருந்த விசை 8ஐத் தந்தது. இரண்டு விசைகளும் ஒரே இடம், ஒரே தோற்றம், விரலுக்கு ஒரே பழக்கம். கம்பியில் போன எண் மட்டும் வேறு.

ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இது இன்னும் விபரீதமாக இருந்தது. அங்கே அழிப்பது #. 127 என்பது ஓடும் நிரலை நிறுத்தும் குறி. அழிக்க நினைத்து ரப்-அவுட் விசையை அழுத்தியவரின் வேலையே நின்றுபோகும்.

பெயரை அடிக்கும் வரியில் இந்தப் பொருத்தமின்மை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அழிப்பதற்குப் பதிலாகத் திரையில் கூரைக்குறியும் ஓர் ஆங்கில எழுத்தும் தோன்றும். 8 வந்தால் கூரைக்குறியோடு 'எச்'. 127 வந்தால் கூரைக்குறியோடு ஒரு கேள்விக்குறி. 127இல் 64 என்னும் குறியைத் திருப்பினால் வருவது 63. அது கேள்விக்குறியின் எண். புரியாத கிறுக்கல்போலத் தோன்றும் இந்தக் குறிகளுக்குப் பின்னால் மாடல் 33இன் கணக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கடவுச்சொல் வரியிலோ எதுவும் தெரியாது. அந்த மௌனத்துக்கும் வரலாறு உண்டு. 1961இல் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வுக் கணினியில் கடவுச்சொல் புழக்கத்துக்கு வந்தது. கணினியே எழுத்தைத் திருப்பி அனுப்பித் தாளில் அடிக்கவைக்கும் முனையங்களில், அவ்வாறு திருப்பி அனுப்பாமல் இருந்தாலே கடவுச்சொல் மறைந்துவிடும். ஐபிஎம் 2741 போன்ற பொறிகளோ அடிப்பதைத் தாமே தாளில் பதித்துவிடும். அங்கே மல்டிக்ஸ் ஒரு தந்திரம் செய்தது. கடவுச்சொல்லுக்குரிய இடத்தில் முன்கூட்டியே எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பாக்கி வைத்தது. அதன்மேல் விழும் எழுத்தை யாரும் படிக்க முடியாது. தாள் என்பது குப்பைத்தொட்டிக்குப் போகும் பொருள். அதில் கடவுச்சொல் நிற்கக்கூடாது என்ற அச்சம் நியாயமானது. திரையில் அது மறுகணமே அழிந்துவிடும் என்றாலும், தாளுக்காக ஏற்பட்ட மௌனம் திரைக்கும் தொடர்ந்தது.

அந்த மௌனத்துக்குள் ஒருவர் தவறாக ஓர் எழுத்தை அடித்து, அழிக்கும் விசையை அழுத்தி, சரியான எழுத்தை அடிக்கிறார் என்று கொள்வோம். வாயிலில் அழிக்கும் குறி 127 என்று அமைந்திருக்கிறது. அவருடைய விசை அனுப்புவது 8. இப்போது கடவுச்சொல்லில் தவறான எழுத்தும் இருக்கிறது, எட்டும் ஓர் எழுத்தாகச் சேர்ந்துவிட்டது. அவர் திருத்தியதாக நினைக்கிறார். இயந்திரம் திருத்தமாக அதை ஏற்கவில்லை. இதற்கு நேர்மாறான கதை # என்பதாலும் @ என்பதாலும் நேர்ந்தது. கடவுச்சொல்லில் குறிகளைச் சேர்க்கச் சொல்வது நல்ல அறிவுரை. அதைக் கேட்டு ஒருவர் @ குறியைச் சேர்க்கிறார். அவர் கடவுச்சொல்லை அமைத்த முனையத்தில் அது சாதாரணக் குறி. பழைய அமைப்புள்ள முனையத்தின் வழியே மறுநாள் வரும்போது, @ வந்ததும் அதற்கு முன்னிருந்தவை அனைத்தும் தள்ளப்படுகின்றன. மிச்சமிருக்கும் வால்தான் கடவுச்சொல் என்று உள்ளே போகிறது. பின்சாய்கோடு இட்டு @ அடித்தால் அது எழுத்தாக ஏற்கப்படும் என்ற விதி இருந்தது. அறிந்தவர்களுக்கு அது உதவியது.

இது பழங்கதை என்று தோன்றலாம். ஏகெட்டி நிரல் பயனர் பெயரை வாங்கும்போது # என்பதை அழிப்புக்குறியாகவும், @ என்பதை வரியழிப்புக் குறியாகவும் இயல்பாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. 2013இல் வெளிவந்த யுடில்-லினக்ஸ் 2.23ஆம் பதிப்பில்தான் அந்த இயல்பு நீக்கப்பட்டது. மாடல் 33 வெளிவந்து அப்போது ஐம்பது ஆண்டு நிறைந்திருந்தது. தாளில் அடித்த ஒருவருக்காக ஏற்பட்ட வழக்கத்தை அரைநூற்றாண்டுக்குப் பின்னும் வாயிலோன் மறக்காமல் காத்துவந்திருக்கிறான்.

பலகை மாறிய பெயர்கள்

இதுவரை சொன்னவை ஓர் எழுத்துக்கு எந்த எண் என்பதைப் பற்றியவை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது அடுத்த படிவு. நாம் காணும் எழுத்து வரிசை 1870களில் ஷோல்ஸ் வடிவமைத்த தட்டச்சுப் பொறியிலிருந்து வருகிறது. ஐரோப்பிய நாடுகள் அதைத் தத்தம் மொழிக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஜெர்மானியர் 'ஒய்' எழுத்தையும் 'இசட்' எழுத்தையும் இடம் மாற்றினர். பிரெஞ்சுக்காரர் 'ஏ'யையும் 'க்யூ'வையும் மாற்றினர். எண்களை மாற்று விசைக்கு மேலே ஏற்றினர். அமெரிக்கப் பலகைக்கும் பிரிட்டிஷ் பலகைக்கும் எழுத்துகளில் வேறுபாடு இல்லை. ஆனால் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கின்றன. அமெரிக்கப் பலகையில் # உள்ள இடத்தில் பிரிட்டிஷ் பலகையில் பவுண்டுக் குறி இருக்கிறது.

விசைப்பலகை தன்மேல் என்ன எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வதில்லை. இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. அதை எழுத்தாக மாற்றுவது கணினியில் உள்ள ஓர் அட்டவணை. லினக்ஸில் வரைகலைத் திரைக்கு ஓர் அட்டவணையும் கட்டளை வரித் திரைக்கு வேறோர் அட்டவணையும் இருப்பதுண்டு. வரைகலைத் திரையில் பிரெஞ்சுப் பலகையை அமைத்துக் கடவுச்சொல்லை உண்டாக்கியவர், கருந்திரையில் அமெரிக்க அட்டவணையைச் சந்திக்கிறார். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால், கணினி எழும்போதே ஒரு மறைசொற்றொடர் கேட்கப்படும். உரிய அட்டவணை ஏற்றப்படுவதற்கு முன்பே அந்தக் கேள்வி எழுந்துவிடுவதும் உண்டு. அட்டவணையை மாற்றும் கட்டளையின் பெயர் 'லோட்கீஸ்'. அதில் ஓர் 'ஒய்' இருக்கிறது. ஜெர்மன் பலகையின் முன் அமர்ந்து, அமெரிக்க அட்டவணையில் அகப்பட்டவர் அந்தக் கட்டளையைத் தர வேண்டுமானால் 'இசட்' என்று பொறித்த விசையை அழுத்தியாக வேண்டும். பிழையைத் திருத்தும் கட்டளையையே பிழையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது!

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இந்த வாயிலில் ஓர் இடறல் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை முறைப்படுத்தப்பட்டது. லினக்ஸ் வரைகலைத் திரைகளில் தமிழ்ப் பலகைகளை அமைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பலகை இயங்கும் நிலையில் திரை பூட்டிக்கொண்டால், ஆங்கில எழுத்தாலான கடவுச்சொல்லுக்குப் பதில் தமிழ் எழுத்துகள் உள்ளே போகக்கூடும். அங்கே விழுவதெல்லாம் கரும்புள்ளிகள் ஆகையால் எந்த மொழி விழுகிறது என்பது தெரிவதில்லை. கருந்திரையிலோ தமிழே நுழைவதில்லை. அதன் எழுத்துரு 256 அல்லது 512 வடிவங்களைத் தாண்டாது. கொம்பும் காலும் முன்பின்னாகக் கூடும் எழுத்துமுறையை அதனால் கோக்க இயலாது. மாடல் 33 சிறிய எழுத்துகளை அறியாதிருந்ததைப் போன்ற ஒரு குறைதான் இதுவும்.

மடிக்கணினிகள் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தன. எண் பலகைக்கு இடமில்லாததால் வலக்கை எழுத்துகளின் மேலேயே எண்களை ஏற்றினார்கள். எண் பூட்டு விழுந்திருந்தால் 'யு, ஐ, ஓ' என்பவை 4, 5, 6 ஆகிவிடும். 'ஜே, கே, எல்' என்பவை 1, 2, 3 ஆகும். பெயரில் இந்த எழுத்துகள் இல்லாதவருக்கு முதல் வரியில் எதுவும் தெரியாது. கடவுச்சொல்லில் இருந்தால் காரணம் புரியாமல் திகைப்பார்.

பாட ஆராய்ச்சி

ஆகவே வாயிலில் தடைப்பட்டவர் செய்ய வேண்டியது ஒருவகைப் பாட ஆராய்ச்சி. மூலம் கையில் இருக்கிறது. இயந்திரம் கொண்ட பாடம் எது என்று அறிய வேண்டும். எழுத்து தெரியும் ஒரே இடம் பயனர் பெயர் வரி. கடவுச்சொல்லில் உள்ள எழுத்து வகைகளை அங்கே அடித்துப் பார்க்கலாம்: பெரிய எழுத்து, எண், @, #, 'ஒய்', 'இசட்'. விசையில் உள்ளதும் திரையில் விழுவதும் ஒன்றா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பார்த்தபின் கண்ட்ரோல்-யு அழுத்தினால் வரி அழியும். நுழைவு விசையை அழுத்தக்கூடாது.

முழுக் கடவுச்சொல்லையும் அங்கே அடிக்கக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தவறான நுழைவுகளைக் கணினி பதிவேட்டில் எழுதிவைக்கும். பெயருக்குப் பதில் கடவுச்சொல்லை அடித்துவிடுகிறவர்கள் உண்டு என்பது நிரல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லினக்ஸின் நுழைவு அமைப்புக் கோப்பில், அறியாத பெயர்களைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும் ஒரு விருப்பமும், அப்படிப் பதிந்தால் அங்கே ஒருவரின் கடவுச்சொல் சிக்கிக்கொள்ளக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கின்றன.

கடவுச்சொல் வரியில் இடையில் தவறு நேர்ந்ததாகத் தோன்றினால் ஓரெழுத்தை அழிக்க முயல வேண்டாம். அழிக்கும் விசை எந்த எண்ணை அனுப்புகிறது என்பது அங்கே தெரியாது. கண்ட்ரோல்-யு அழுத்தி முதலிலிருந்து தொடங்குவது நல்லது. உள்ளே போன பின் கண்ட்ரோல்-வி அழுத்தி, அதைத் தொடர்ந்து அழிக்கும் விசையை அழுத்தினால், அது அனுப்பும் குறி எழுத்தாகவே தெரியும். 'எஸ்டிடிஒய்' என்ற கட்டளை முனையத்தின் அமைப்புகளைக் காட்டும். அழிப்புக்குறியை மாற்றவும் செய்யும். நுழைவு விசையே வேலை செய்யாமல் கூரைக்குறியோடு 'எம்' என்று விழுந்தால், வண்டி திரும்பு குறியைப் புது வரியாக மாற்றும் அமைப்பு நின்றுவிட்டது என்று பொருள். அப்போது கண்ட்ரோல்-ஜே புது வரிக் குறியை நேராக அனுப்பும். டெபியன் லினக்ஸ் தன் கொள்கை ஆவணத்திலேயே விசைப்பலகைக்கு ஒரு பகுதி ஒதுக்கி, பின்னகர்வு விசை ஓரெழுத்தை இடப்புறம் அழிக்க வேண்டும் என்றும், முனையங்களில் அதற்கு 127தான் என்றும் விதி வகுத்தது. இரண்டு எண்களுக்கு இடையிலான வழக்கைத் தீர்க்க ஒரு சட்டமே வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் வில்லன்கள் யாரும் இல்லை. துளையை அடைக்க முடியாதவர் எல்லாவற்றையும் துளைத்தார். தாளில் அழிக்க முடியாதவர் ஒரு குறியை நட்டார். சிறிய எழுத்து இல்லாதவருக்காக வாயிலோன் விட்டுக்கொடுத்தான். ஒவ்வொரு முடிவும் அன்று எதிரே இருந்த மனிதரின் இடரை உணர்ந்து எடுக்கப்பட்டது. அந்த மனிதர் எழுந்துபோய் வேறொருவர் வந்து அமர்ந்த பின்னும் முடிவுகள் இருக்கையை விட்டு எழவில்லை என்பதுதான் சிக்கல். புதிதாக வந்தவருக்கு அவை காரணம் இல்லாத விதிகளாக, பிறகு விதிகளென்றே தெரியாத தடைகளாக மாறின.

அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தரநிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டி, தாம் அடித்த கடவுச்சொல்லைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வரைகலைத் திரைகள் பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருப்பதை அறிவிக்கின்றன. எந்தப் பலகை இயங்குகிறது என்பதை மூலையில் காட்டுகின்றன. கருந்திரை மட்டும் பழைய மௌனத்தைக் காக்கிறது. அந்த மௌனத்தின் முன் நிற்பவர் தம் நினைவைப் பழிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: என் விரல் சொன்னதைத்தான் வாயிலோன் கேட்டானா?